இரண்டு முறை வேலைக்குத் திரும்பினேன்: எச்.ஆர். அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவைத் தொழிற்சாலைகளின் எச்.ஆர். அதிகாரிகளுக்கும் பிரிவுத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

நான் கோவையில் ஒரு பம்பு ஆலையின் பர்ச்சேஸ் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். 2022-க்கும் 2024-க்கும் இடையில் இரண்டு முறை நீண்ட லீவில் போய், இரண்டு முறையும் அதே வேலைக்குத் திரும்பி வந்தேன். முதல் தடவை லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய். இரண்டாவது தடவை மனச்சோர்வு நோய். இரண்டு தடவையும் டாக்டர் கொடுத்த சான்றிதழில் ஒரே வாக்கியம்தான் இருந்தது: வேலைக்குச் செல்லத் தகுதியானவர். முதல் சான்றிதழோடு நான் போனபோது மேசையில் ரோஜாப் பூக்கள் இருந்தன. இரண்டாவதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது மட்டும் போதாதுங்க" என்றார்கள்.

அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். என் ஆலையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. கீமோ நடந்த சமயத்தில், ரத்தம் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்று பதினேழு பேர் பெயரும் குரூப்பும் எழுதிய தாளை என் கணவரிடம் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தத் தாள் இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. அவ்வளவு நல்ல மனிதர்களுக்கே இரண்டாவது முறை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றால், உங்கள் ஆலையிலும் தெரியாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

முதலில் லிம்போமாவைச் சொல்லிவிடுகிறேன்.

2022 தொடக்கத்தில் இடது காறை எலும்புக்கு மேலே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி கிடையாது. ராத்திரியில் தலையணை நனைகிற அளவுக்கு வியர்க்கும். நம் ஊரில் கழுத்தில் கட்டி என்றால் முதல் சந்தேகம் டி.பி.தான். எனக்கும் ஆறு வாரம் டி.பி. மாத்திரை ஓடியது. கட்டி கரையவில்லை. அப்புறம் கட்டியை முழுசாக எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். ஹாட்ஜ்கின் லிம்போமா, மூன்றாம் நிலை என்று வந்தது. இந்த நோய்க்கு ஊசி வைத்து உறிஞ்சிப் பார்க்கும் சோதனை மட்டும் பெரும்பாலும் போதாது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கழுத்தில் கட்டியோடு யாராவது இதைப் படித்தால், இந்த ஒன்றை மட்டும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

எனக்குக் கொடுத்தது ஏ.பி.வி.டி. என்கிற நான்கு மருந்துகள். இத்தாலியின் மிலான் நகரத்தில் ஜியானி பொனடோனா என்ற மருத்துவரின் குழு 1970-களில் உருவாக்கிய கூட்டு இது. அதற்கு முன்னால், 1960-களில், அமெரிக்காவில் வின்சென்ட் டிவிட்டாவும் சக மருத்துவர்களும் வேறு நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, முற்றிய ஹாட்ஜ்கினையும் குணப்படுத்தலாம் என்று காட்டியிருந்தார்கள். அதுவரை அந்த நிலைக்குப் போனவர்கள் பிழைப்பது அபூர்வம்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மொத்தம் பன்னிரண்டு தடவை. அந்த நான்கில் ஒன்றான அட்ரியாமைசின் ரோஸ்மில்க்கை விட அடர்த்தியான சிவப்பு. அதை நர்ஸ் சிரிஞ்சில் எடுத்து, கண்ணை எடுக்காமல், மெதுவாகக் கையாலேயே செலுத்துவார். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும் என்பார். அன்று சாயங்காலம் சிறுநீரும் சிவப்பாகப் போகும். கடைசியாக வரும் டகார்பசின் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று கறுப்புக் கவர் போட்டுத் தொங்கவிடுவார்கள். அது ஏறும்போது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எரியும். பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டி தன் வெந்நீர்ப் பையை என் கைமேல் வைத்துவிட்டு, "சொட்டை எண்ணாத கண்ணு, எண்ணுனா மெதுவாத்தான் போகும்" என்றார். அவருக்கு வேறு வகை லிம்போமா; இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை வருவார்.

நான்காவது தடவைக்குப் பிறகு, செப்டம்பரில், நோய் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேன். சுத்தமாக இருந்தது. அதனால் நுரையீரலைப் பாதிக்கக்கூடிய பிளியோமைசினை மட்டும் நிறுத்திவிட்டு மீதி மூன்றைத் தொடர்ந்தார்கள். இப்படி நிறுத்தலாம் என்பதற்குப் பின்னால் 1,200-க்கும் மேற்பட்ட நோயாளிகள் பங்கேற்ற ஓர் ஆய்வு இருக்கிறது, 2016-இல் வெளிவந்தது. அதில் என்னைப் போல இடைக்கால ஸ்கேன் சுத்தமாக வந்தவர்களில், மூன்று வருடம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 85 பேர். உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 97 பேர். பிளியோமைசினை நிறுத்தியதால் பெரிய வித்தியாசம் வரவில்லை.

இந்த 85-ஐ நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

2023 பிப்ரவரியில் வேலைக்குப் போனேன். கேன்டீனில் கேசரி போட்டிருந்தார்கள். எச்.ஆர். மேடம் என் இருக்கைக்கே வந்து, "முதல் மாசம் மதியம் ஒரு மணிக்குக் கிளம்பிடுங்க, சம்பளத்தைப் பத்தி யோசிக்காதீங்க" என்றார். நான் கேட்கவே இல்லை. அன்று காலையிலேயே சிஸ்டத்தில் என் கணக்கைத் திறந்துவிட்டார்கள். இரண்டு லட்சம் ரூபாய் வரைக்குமான பி.ஓ.வை, அதாவது கொள்முதல் ஆணையை, நானே அப்ரூவ் செய்யும் உரிமை பழையபடி இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு தப்பு செய்தேன். மெக்கானிக்கல் சீல் 24 என்று போட வேண்டிய இடத்தில் 240 என்று போட்டு அப்ரூவ் செய்துவிட்டேன். கீமோவுக்குப் பிறகு சில மாதம் மறதியும் கவனச் சிதறலும் பலருக்கு இருக்கும், எனக்கும் இருந்தது. சரக்கு வந்து இறங்கியது. என் மேலாளர் சப்ளையரிடம் பேசித் திருப்பி அனுப்பினார். "உடம்பு தேறி வர்ற நேரம், விடுங்க" என்றார். அப்ரூவல் உரிமையை யாரும் பறிக்கவில்லை. ஒரு மாதம் வரை என் பி.ஓ.க்களைப் பக்கத்து இருக்கைத் தம்பி ஒரு தடவை பார்த்துவிடுவார், அவ்வளவுதான். நோயிலிருந்து வந்த ஒருவரை வேலைக்குள் எப்படி எடுத்துக்கொள்வது என்று யாராவது கேட்டால், அந்த ஒரு மாதத்தைத்தான் காட்டுவேன். எங்கள் ஆலைக்கு அது தெரிந்திருந்தது.

இனி இரண்டாவது.

சிகிச்சை நடக்கும்போது மனசுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தேதி இருக்கும். அடுத்த ஊசி, அடுத்த ரத்தப் பரிசோதனை. எல்லாம் முடிந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்-அப் மட்டும். நடுவில் இருக்கும் தொண்ணூறு நாளும் நான் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன். நோய் போன பிறகு வரும் இந்தப் பயமும் சோர்வும் புற்றுநோய் மருத்துவர்களுக்குப் புதிதில்லை. எங்களிடம்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

2023 அக்டோபரில் ஒருநாள். இம்பெல்லர் காஸ்டிங்குக்கு மூன்று விலைப்புள்ளிகள் மேசையில் இருந்தன. மூன்றையும் ஒப்பிட்டு ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். நான் வாரத்துக்கு இருபது தடவை செய்கிற வேலை. எண்களைப் படிக்க முடிந்தது. எது குறைவு என்று சொல்ல முடியவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அதற்குமேல் தூக்கம் கிடையாது. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் என் பஸ் வரும், ஏற மாட்டேன். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிய நாள்கள் உண்டு. "சாமி உசுரைக் கொடுத்திருக்குது, இன்னும் என்ன?" என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான்.

செக்-அப்பில் என் புற்றுநோய் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கு. நீங்க நல்லா இல்லை" என்று சொல்லி மனநல மருத்துவரிடம் அனுப்பினார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள், ஆயின. அதோடு வாராவாரம் பேச்சு சிகிச்சை. ஐந்தாவது வாரம் ஒரு காலையில் காபியின் வாசம் தெரிந்தது. அதுவரை அது தெரியாமல் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. பதினொரு வாரத்தில், 2024 மார்ச்சில், டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது. நன்றாக ஆன பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டும்.

அலுவலகத்தில் அந்தச் சான்றிதழ் போதவில்லை. "மனநிலை முழுக்கச் சரியாகிவிட்டது, இனிமேல் வராது" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார்கள். என்ன நோய், என்ன மாத்திரை என்பதும் அதில் இருக்க வேண்டுமாம். நான் போய்க் கேட்டேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "கேன்சர் திரும்ப வராதுன்னு யார்கிட்டயாவது எழுதி வாங்கினாங்களா?"

யாரும் வாங்கவில்லை. அந்த 85-ஐ இப்போது பாருங்கள். ஸ்கேன் சுத்தமாக வந்தவர்களிலேயே நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மூன்று வருடத்துக்குள் நோய் திரும்புகிறது. திரும்பினால் கடுமையான கீமோ, ஸ்டெம்செல் மாற்று, மறுபடி பல மாத லீவு. இது தெரிந்தேதான் எனக்கு கேசரி போட்டார்கள். மனச்சோர்வும் திரும்பலாம், ஒருமுறை வந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு வாழ்நாளில் இன்னொரு முறை வருகிறது. நான் அதை மறைக்கவில்லை. ஆனால் திரும்பினால் என்ன செய்வது என்று இரண்டு நோய்க்குமே மருத்துவம் இருக்கிறது. மாத்திரையைத் தொடர்ந்து எடுத்தால், தூக்கம் கெடுவது போன்ற முதல் அறிகுறியிலேயே டாக்டரிடம் போனால், திரும்புவது குறையும். அதற்கு அந்த ஆள் பயமில்லாமல் அரை நாள் லீவு கேட்க முடிய வேண்டும். "இனி வராது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்தவர் எந்த வாயால் கேட்பார்?

கடைசியில் பழைய சான்றிதழோடுதான் சேர்த்துக்கொண்டார்கள். என் மேசை ரெக்கார்டு ரூம் பக்கத்துக்கு மாறியிருந்தது. அப்ரூவல் உரிமை இல்லை. "கொஞ்ச நாள் போகட்டும்" என்றார்கள், ஐந்து மாதம் போனது. முதல் வாரம் பேன்ட்ரியில் ஆப்பிள் நறுக்கப் போனேன். எப்போதும் டிராயரில் இருக்கும் கத்தி இல்லை. டீ கொண்டு வரும் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "எடுத்து வைக்கச் சொன்னாங்கம்மா" என்றார். ஆப்பிளை அப்படியே கடித்துத் தின்றேன்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், எனக்கு வேலையே கொடுக்கவில்லை. என் மேலாளர் நிஜமான அக்கறையோடுதான் சொன்னார்: "ஸ்ட்ரெஸ் எடுக்காதீங்க, சும்மா உட்காருங்க." காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை பழைய ஃபைல்களுக்கு நம்பர் போட்டேன். மனச்சோர்வு என்பது நீ எதற்கும் பயன்பட மாட்டாய் என்று உள்ளே ஓயாமல் ஒரு குரல் சொல்லும் நோய். பதினொரு வாரம் கஷ்டப்பட்டு அந்தக் குரலை அடக்கிவிட்டு வந்தவளிடம், அதே வார்த்தையை ஆலையும் சொன்னால் எப்படி இருக்கும்? மாத்திரைக்கு அடுத்து என்னைத் தேற்றக்கூடியது அந்த மூன்று விலைப்புள்ளிகள்தான். அவற்றை என் முன்னால் வைத்திருக்க வேண்டும். இருபது வேண்டாம், நாளுக்கு மூன்று போதும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் பணியிட மனநலத்துக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. நான் பெட் ஸ்கேன் எடுத்த அதே மாதம். மனநலக் காரணத்தால் லீவில் இருப்பவர்களுக்கு, மருத்துவ சிகிச்சையோடு வேலைக்குத் திரும்புவதற்கான உதவியையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்கிறது அது.

பிரிட்டனில் 2010 முதல் டாக்டர்கள் கொடுக்கும் சான்றிதழில், தகுதியில்லை என்பதோடு, 'சில மாற்றங்களோடு வேலை செய்யலாம்' என்ற கட்டமும் உண்டு. படிப்படியாகத் திரும்புவது, வேலை நேரத்தை மாற்றுவது, வேலையின் தன்மையை மாற்றுவது, பணியிடத்தில் வசதி செய்து தருவது என நான்கில் டாக்டர் டிக் செய்யலாம். நம்மிடம் இருப்பது தகுதி, தகுதியில்லை என்ற இரண்டு வார்த்தை. எந்தத் தாளும் இல்லாமலே 2023-இல் எங்கள் ஆலையில் எனக்கு அந்த நான்கில் பாதியைச் செய்தார்கள். அதனால்தான் இதைக் கேட்கும் தைரியம் வருகிறது.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் மனநலத்தையும் சிகிச்சையையும் பற்றிய தகவல் ரகசியமாக இருப்பது நோயாளியின் உரிமை என்கிறது. மருந்தின் பெயர் வரை எழுதி வாங்கிவா என்று கேட்பது அந்த உரிமையைக் கைவிடச் சொல்வதுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மனநோயையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்கிறது. உங்கள் நிறுவனத்தின் கொள்கையை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அதில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் இருக்கும். மனநோய் என்ற சொல் இருக்கிறதா?

இ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளர்களுக்கு இன்னொன்று. நீண்டகால நோய்களுக்கான கூடுதல் உதவித்தொகைக்கு 34 நோய்களின் பட்டியல் இருக்கிறது. தகுதியான சேவைக்காலம் இருந்தால் சம்பளத்தில் 80 சதவீதம் வரை, இரண்டு வருடம் வரைகூடக் கிடைக்கும். புற்றுநோய் இருக்கும் அதே பட்டியலில் மனச்சிதைவும், 'எண்டோஜீனஸ் டிப்ரஷன்' என்ற மனச்சோர்வு வகையும் இருக்கின்றன. ஷாப் ஃப்ளோரில் இதை யாருக்கும் சொன்னதில்லை. நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும், அதாவது அரசின் மனநல உதவி எண்ணையும், எழுதுங்கள். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.

"துப்பாக்கி கையில் இருக்கிற வேலையாக இருந்தால் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். எங்கள் ஆலையிலும் கிரேன் ஓட்டுபவர்களைப் பற்றி அப்படித்தான் கேட்டார்கள். நியாயமான கேள்வி. உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் இதற்கே பதில் சொல்லியிருக்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கு அது. அவர்மேல் எடுத்த ஒழுங்கு நடவடிக்கையை நீதிமன்றம் ரத்து செய்தது. ஆயுதம் கையாளாத வேறு பணியில் அவரை அமர்த்தலாம், ஆனால் சம்பளமும் பணி நிலையும் குறையக் கூடாது என்றது. அதாவது ஆபத்து எங்கே என்று குறிப்பாகப் பார்த்து, அதை மட்டும் மாற்றுவது. நான் கிரேன் ஓட்டவில்லை. இரண்டு லட்சத்துக்கு பி.ஓ. போடுகிறேன். அதையும் தவறாகப் போட்டது கீமோவுக்குப் பிறகுதான்; மனநல சிகிச்சைக்குப் பிறகு இல்லை.

ஆகவே நான் கேட்பது கொஞ்சம்தான். வேலைக்குத் தகுதி, இன்னின்ன மாற்றம் தேவை என்ற அளவுக்கு மேல் சான்றிதழில் எதுவும் கேட்காதீர்கள். வருவதற்கு ஒரு வாரம் முன்பே கூப்பிட்டு, எத்தனை மணி நேரம், எந்த வேலை, யாரிடம் என்ன சொல்லலாம் என்று அவரிடமே கேளுங்கள். எனக்கு மருந்தால் காலையில் மந்தமாக இருக்கும். எட்டரைக்குப் பதில் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தால் அதுவே பெரிய உதவி. குறைவாகக் கொடுங்கள், ஆனால் அவருடைய சொந்த வேலையைக் கொடுங்கள். மேசையை நகர்த்தாதீர்கள். யாராவது சாப்பாட்டு நேரத்தில் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சிரித்தால், மேலாளரே அங்கேயே நிறுத்த வேண்டும். 1794 முதல் வைத்தியம் பார்த்துவரும் மனநல ஆஸ்பத்திரி இருக்கும் சென்னைப் பகுதியின் பெயர் அது. புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் அடையாறு என்றால் தலை குனிந்து மரியாதை கொடுக்கிற நாம், கீழ்ப்பாக்கம் என்றால் மட்டும் ஏன் சிரிக்கிறோம்?

என் அப்ரூவல் உரிமை ஆறாவது மாதம் திரும்பி வந்தது. அதைக் கொடுத்தவர் யாருக்கும் அறிவிக்காமல், ஒரு காலையில் சிஸ்டத்தில் திறந்து வைத்திருந்தார். அன்று மூன்று விலைப்புள்ளிகளை ஒப்பிட்டு, பதினைந்து நிமிடத்தில் முடித்தேன்.

போன மாதம், வேறு பிரிவிலிருக்கும் ஒருவர் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். தூக்கம் இல்லை, டாக்டரைப் பார்த்தாயிற்று, நாலு வாரம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார். "லெட்டர்ல உண்மையை எழுதட்டுங்களாக்கா?" என்றார். அவரிடம் எழுதுங்கள் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. சொல்ல முடியவில்லை. முதுகுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்னும் பதினொரு நாளில் திரும்பி வருகிறார்.

இப்படிக்கு,
பர்ச்சேஸ் பிரிவில் வேலை பார்க்கும் ஒருத்தி,
கோவை.